பலகைகளை எண்ணினால் போட்டி தெரியுமா?

இந்திய வங்கித் துறையில் போட்டி எவ்வளவு என்று கேட்டால் பொருளியலாளர்கள் உடனே ஒரு கணக்கைக் காட்டுவார்கள். நாட்டின் மொத்த வைப்புத்தொகையில் ஒவ்வொரு வங்கிக்கும் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அந்தச் சதவீதங்களைத் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டுவது அந்தக் கணக்கு. ஹெர்ஃபின்டால்–ஹிர்ஷ்மன் குறியீடு என்று அதற்குப் பெயர். ஒரே வங்கி மட்டும் உள்ள நாட்டில் அது 10,000 வரும். ஆளுக்கு ஒரு சதவீதமாக நூறு வங்கிகள் இருந்தால் 100தான் வரும். இந்தியாவில் பாரத ஸ்டேட் வங்கியின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். அதன் வர்க்கமே ஐந்நூறை ஒட்டிவிடுகிறது. அடுத்த பெரிய வங்கிகள் ஒவ்வொன்றும் சில பத்துகளைச் சேர்க்க, மொத்தம் ஆயிரத்தை ஒட்டி நின்றுவிடும். அமெரிக்க அரசு 2023இல் வெளியிட்ட நிறுவன இணைப்பு நெறிமுறைகள், 1,800ஐத் தாண்டிய சந்தையைத்தான் மிகவும் குவிந்த சந்தை என்கின்றன. அந்த அளவுகோலில் இந்திய வங்கித் துறை போட்டி மிகுந்த துறை. கணக்கில் பிழை ஏதுமில்லை. எந்த எல்லைக்குள் கணக்குப் போட்டார்கள் என்பதில்தான் சிக்கல். விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனம் வட்டத்தில் இரண்டு ஏக்கர் மணிலா (வேர்க்கடலை) போடுகிறவர் அகில இந்திய வங்கிச் சந்தையில் கடன் வாங்குவதில்லை. தன் கிராமம் எந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்கு உட்பட்டது, தன் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது, தன் நகையை யார் வாங்கிக்கொள்வார் என்ற மூன்று கேள்விகளுக்குள் அவருடைய சந்தை முடிந்துவிடுகிறது. அங்கே போட்டி இருக்கிறதா என்று கண்டறிய, ஒரு கடன்காரரை விட்டு இன்னொருவரிடம் அவர் போக முடிகிறதா என்று அளக்க வேண்டும். வங்கிகளின் பங்கு அதற்கு ஒரு துணைத் தகவல்தான்.

வங்கிச் சந்தைக்கு ஊர் எல்லை உண்டு என்பது புதிய வாதமல்ல. 1963இல் பிலடெல்பியா நேஷனல் வங்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் இணைப்பைத் தடுத்தபோது, நாடு முழுவதையும் பார்க்கவில்லை. அந்த நகரையும் சுற்றுப் பகுதியையும் சேர்த்த நான்கு கவுண்டிகளையே சந்தையாகக் கொண்டது. அன்று முதல் அந்நாட்டில் இணைப்புகள் ஊர்வாரியாகச் சோதிக்கப்படுகின்றன. ஓர் ஊரில் குறியீடு 1,800ஐத் தாண்டி, இணைப்பினால் மேலும் 200 புள்ளி ஏறினால் எச்சரிக்கை மணி அடிப்பது நெடுங்கால வழக்கம். இதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30ஆம் தேதி நிலவரப்படி ஒவ்வொரு கிளையின் வைப்புத்தொகையும் அங்கே வெளியிடப்படுகிறது. நம் ரிசர்வ் வங்கியும் மாவட்டவாரியாக வைப்பு, கடன் புள்ளிவிவரங்களைக் காலாண்டுதோறும் தருகிறது. ஆனால் பொதுத்துறை, தனியார், கிராம வங்கி என்ற தொகுதிகளாகத்தான் தருகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் எந்த வங்கிக்கு எவ்வளவு பங்கு என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. இந்த மறைப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போதும். ஐந்து வங்கிகள் வியாபாரத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்ட ஊரில் குறியீடு 2,000. அவற்றில் இரண்டு ஒன்றானால் அது 2,800. அதே இணைப்பு அகில இந்தியக் குறியீட்டில் ஏற்படுத்தும் அசைவு கண்ணுக்கே படாது. 2017 தொடக்கத்தில் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 2020 ஏப்ரலில் 12 ஆனபோது நடந்தது இதுதான். கனராவுக்குள் சிண்டிகேட் போனது. யூனியனுக்குள் ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் போயின. இந்தியன் வங்கிக்குள் அலகாபாத் வங்கி. இணைந்த இரண்டு வங்கிக்கும் ஒரே கடைத்தெருவில் கிளை இருந்த ஊர்கள் எவை, அங்கே கடன் தேடுபவருக்கு எத்தனை வாசல் மிஞ்சியது என்று போட்டி ஆணையம் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. நாட்டுடைமை வங்கிகளின் இணைப்புகளுக்கு 2017 ஆகஸ்ட் 30 அறிவிக்கை பத்தாண்டு விலக்கு அளித்துவிட்டது.

ஊர் அளவில் கணக்குப் போடத் தொடங்கினாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. எவையெல்லாம் தனித்தனி வங்கிகள்? விழுப்புரம் மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பலருடைய சேமிப்பை விழுங்கிய மறு ஆண்டு தொடங்கப்பட்ட வங்கி அது. இப்பகுதியில் கிராம வங்கி என்ற பெயரில் இயங்குவது தமிழ்நாடு கிராம வங்கி. வள்ளலார், அதியமான் கிராம வங்கிகள் 2006இல் சேர்ந்து பல்லவன் கிராம வங்கியாகி, அது 2019 ஏப்ரலில் பாண்டியன் கிராம வங்கியோடு சேர்ந்து உருவானது. அதன் புரவலர் வங்கியும் இந்தியன் வங்கியே. கிராம வங்கிகளின் மூலதனத்தில் மத்திய அரசுக்கு 50, புரவலர் வங்கிக்கு 35, மாநில அரசுக்கு 15 சதவீதம் என்பது சட்டப்படியான பங்கு. பெயர்ப் பலகையில் இரண்டு. உடைமையில் ஒன்றோடொன்று பின்னியவை. தெருவில் அடுத்தடுத்து இருக்கும் பொதுத்துறை வங்கிகள் எல்லாவற்றுக்கும் பெரும்பான்மை உடைமையாளர் மத்திய அரசு ஒன்றே என்பதையும் சேர்த்தால், பலகைகளை எண்ணி வரும் குறியீடு போட்டியை மிகைப்படுத்தித்தான் காட்டும். 1969 டிசம்பரில் தொடங்கிய முன்னோடி வங்கித் திட்டத்தில், இந்த வங்கிகள் ஆட்சியர் தலைமையில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, யார் எந்தத் துறைக்கு எவ்வளவு கடன் தருவது என்று ஆண்டுக் கடன் திட்டத்தின்படி பங்கு பிரித்துக்கொள்கின்றன. சிமெண்ட் கம்பெனிகள் இப்படிக் கூடினால் வழக்குப் பாயும். வங்கிகள் கூடினால் அது வளர்ச்சித் திட்டம். திட்டத்தில் குற்றம் காண்பது என் நோக்கமல்ல. இங்கே வாங்குவோரைப் பங்கிட்டுக்கொள்வது அரசின் கொள்கையாகவே இருந்துவந்திருக்கிறது என்பதை அளவுகோல் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்தப் பங்கீடு மிக இறுக்கமாக இருந்தது 1989 ஏப்ரலில் வந்த சேவைப் பகுதி அணுகுமுறையில். ஒவ்வொரு கிராமமும் ஏதாவது ஒரு வங்கிக் கிளைக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு கிளைக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து கிராமங்கள். வேறு கிளைக்குப் போகும் விவசாயி, மற்ற வங்கிகளில் பாக்கி இல்லை என்ற சான்றை ஒவ்வொரு வாசலிலும் ஏறி வாங்கிவர வேண்டும். 2004 டிசம்பரில் ரிசர்வ் வங்கி இந்தக் கிராம ஒதுக்கீட்டைப் பெரும்பாலும் கைவிட்டது. தனிநபர்களிடமும் சுய உதவிக் குழுக்களிடமும் நிலுவையின்மைச் சான்று கேட்க வேண்டாம் என்று 2015 ஜனவரியில் சொன்னது. ஆனால் பயிர்க் கடன் சந்தையின் ஒரு பகுதி இன்றும் ஒதுக்கீட்டில்தான் ஓடுகிறது. ஊரார் சொசைட்டி என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த கிராமங்கள் உண்டு. உங்கள் நிலம் இருக்கும் கிராமத்துச் சங்கம் கடன் கொடுக்கத் தயங்கினால் பக்கத்துச் சங்கத்துக்குப் போக வழியில்லை. சிட்டா, அடங்கல் எந்தக் கிராமத்துப் பெயரில் இருக்கிறதோ அங்கேதான் கடன்.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. அளவுகோல் பற்றிய விவாதத்துக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. விலை, அடக்க விலையைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று பார்ப்பது லெர்னர் குறியீடு. ஏகபோகம் இருந்தால் விலை உயரும் என்பது அதன் அடிப்படை. சொசைட்டி தன் எல்லைக்குள் கூட்டுறவுப் பயிர்க் கடனுக்கு முழு ஏகபோகம். ஆனால் தமிழ்நாட்டில் அங்கே பயிர்க் கடனை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை, அரசு ஏற்றுக்கொள்கிறது. லெர்னர் கணக்கு இதை உலகின் மிகப் போட்டியான சந்தை என்று சொல்லிவிடும். ஏகபோகத்தின் பலம் வட்டியில் தெரிவதில்லை. யார் உறுப்பினர், யாருக்கு எவ்வளவு, நடவுக்கு முன்னா பின்னா, பணமாக எவ்வளவு உரமாக எவ்வளவு என்பதில் தெரிகிறது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தபோது, அது கூட்டுறவுக் கடனுக்கு மட்டுமே பொருந்தியது. சொசைட்டியில் கடன் கிடைத்தவருக்குத் தள்ளுபடியும் கிடைத்தது. அதே பயிருக்கு வணிக வங்கியில் வாங்கியவர் முழுதாகக் கட்டினார். வாசல் ஒன்றே என்பதன் விலை இதுதான், அது எந்த வட்டி விகிதத்திலும் பதிவாகாது. கரும்பிலும் இதே அமைப்பு வேறு வடிவில் இருக்கிறது. முண்டியம்பாக்கத்துத் தனியார் ஆலையானாலும் பெரியசெவலைச் செங்கல்வராயன் கூட்டுறவு ஆலையானாலும், கரும்பைப் பதிவு செய்யும் இடமும், வங்கிக் கடனுக்குப் பரிந்துரைக்கும் இடமும், வெட்டிய கரும்புக்கான பணத்தில் கடனைப் பிடித்துக்கொள்ளும் இடமும் ஒன்றாகவே அமைகின்றன. கடனை மாற்ற நினைப்பவர் ஆலையையே மாற்ற வேண்டும்; ஒதுக்கப்பட்ட கரும்புப் பகுதியில் அது எளிதல்ல.

நகைக் கடனுக்கு வந்தால் காட்சியே வேறு. விழுப்புரம், திண்டிவனம் கடைத்தெருக்களில் பொதுத்துறை வங்கி, தனியார் வங்கி, கூட்டுறவு வங்கி, கேரளத்து நகைக்கடன் நிறுவனங்கள், பழைய அடகுக்கடை எல்லாமே ஒரே பொருளை ஒரே எடைக்கல்லில் நிறுத்துப் பணம் தருகின்றன. கிராமுக்கு எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு என்பதைப் பலகையிலேயே எழுதிப் போடுகிறவர்களும் உண்டு. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்துச் சீட்டு எழுதி முடித்தால் பணம் கைக்கு வந்துவிடும். சிட்டா வேண்டாம், பரிந்துரை வேண்டாம், எந்த ஊர் என்ற கேள்வியும் வேண்டாம். இன்னோர் இடத்தில் இருக்கும் நகையைத் தாங்களே பணம் கட்டி மீட்டுத் தங்களிடம் மாற்றிக்கொள்வதாக நிறுவனங்கள் கூவி அழைக்கின்றன. கடனாளி நகர்வது இங்கே கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. எனவே போட்டியும் உண்மையானது. ஒரே குடும்பம் சொசைட்டியில் ஏகபோகத்தையும் அடகில் கடும் போட்டியையும் ஒரே வாரத்தில் சந்திக்கிறது என்றால், வங்கித் துறையின் போட்டி என்ற ஒற்றை எண் எதைத்தான் குறிக்கும்?

ஆனால் நகைக் கடனிலும் ஒரு மடிப்பு இருக்கிறது. வட்டியை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பிக்கும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் இறுக்கப்பட்டது. அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டி நகையை மீட்டபின்பே மறுபடி அடகு வைக்கலாம் என்று பல வங்கிகள் கூறத் தொடங்கின. கையில் அசல் இருப்பவர் ஏன் அடகு வைக்கிறார்? ஆகவே ஒரு நாளைக்கோ இரண்டு நாளைக்கோ தனியாரிடம் வட்டிக்கு வாங்கி வங்கியில் கட்டி, நகையை மீட்டு, திரும்ப வைத்து, அந்தப் பணத்தைக் கொண்டுபோய்த் தனியாரிடம் கொடுப்பது பழக்கமாயிற்று. இந்த நிகழ்வில் வங்கியும் வட்டிக்காரரும் போட்டியாளர்களா? வங்கியின் விதியில்தான் வட்டிக்காரரின் ஒரு நாள் வியாபாரமே பிறக்கிறது. இருவரையும் ஒரே சந்தையில் எதிரெதிராக நிறுத்தி வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் எண் உண்மைக்கு நேர்மாறானதைச் சொல்லும்.

குழுக் கடன் இதற்கு மறுபக்கம். ஒரே தெருவில் நாலைந்து நுண்கடன் நிறுவனங்களும் சிறு நிதி வங்கிகளும் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கின்றன. பங்குக் கணக்கில் பார்த்தால் இதைவிடப் போட்டியான சந்தை கிடைக்காது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டு, போட்டியே விலையைக் கட்டுப்படுத்தும் என்று நம்பியது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை, மாதத் தவணைகள் வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று இரண்டு வேலிகளைப் போட்டது. நிறுவனங்கள் போட்டியிட்டது உண்மைதான். ஆனால் யார் வட்டியைக் குறைப்பது என்பதில் அல்ல, யார் கூடுதலாகக் கொடுப்பது என்பதில். ஏற்கெனவே கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணே நம்பகமான வாடிக்கையாளர் என்பதால் எல்லோரும் அவர் வீட்டுக்கே வந்தார்கள். கடைசியில் ஒரு கடனாளிக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று அத்துறையின் சொந்த அமைப்பே வரம்பு போட வேண்டியிருந்தது. கூட்டுப் பொறுப்பு என்ற கயிறு இருக்கும்வரை, ஒருவர் மட்டும் எழுந்து குறைந்த வட்டிக்காரரிடம் போய்விட முடியாது. குழுவே போக வேண்டும். கொடுப்பவர்கள் பலர், நகர முடிந்தவர் ஒருவரும் இல்லை என்ற சந்தை இது.

பங்குக் கணக்கின் இந்தக் குறைகளைப் பொருளியலாளர்கள் அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் வங்கிகளின் நடத்தையை வைத்து அளக்கும் முறைகள் வந்தன. பான்சர்–ராஸ் முறையில், வைப்பு வட்டி, சம்பளம், கட்டிடச் செலவு ஆகியவை ஏறும்போது வங்கியின் வருவாய் எந்த அளவு ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். முழுதும் ஏறினால் நிறை போட்டி, ஏறாவிட்டால் ஏகபோகம், இடையில் நின்றால் இரண்டும் கலந்த சந்தை. சர்வதேச நிதியத்துக்காக ஏ. பிரசாத்தும் சைபல் கோஷும் 2005இல் இம்முறையை இந்தியாவுக்குப் பொருத்தி, இங்கே நிலவுவது கலப்புப் போட்டியே என்றார்கள். மதிக்கத்தக்க ஆய்வுதான். ஆனால் இம்முறைக்குத் தேவைப்படுவது வங்கியின் முழு ஆண்டுக் கணக்கு. மும்பையில் பெருநிறுவனத்துக்குக் கொடுத்த கடனும் செஞ்சியில் கொடுத்த பயிர்க் கடனும் அதில் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. அதைவிட ஆழமான தடை ஒன்றும் உண்டு. இந்த முறைகள் எல்லாம் லாபத்தைப் பெருக்க முயலும் நிறுவனத்தைக் கற்பனை செய்கின்றன. மொத்தக் கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்கு, 18 சதவீதம் வேளாண்மைக்கு என்ற கட்டளையின் கீழ் இயங்கும் வங்கியின் லாப இடைவெளி குறுகியிருந்தால், அது போட்டியால் குறுகியதா கட்டளையால் குறுகியதா என்று அந்த எண் சொல்லாது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஐம்பது நாடுகளை ஆராய்ந்த கிளாசென்ஸ்–லேவன் ஆய்வு (2004), குவிந்த சந்தைகளில் போட்டி குறைவு என்பதற்குச் சான்றில்லை என்றது. புதியவர் நுழையத் தடையில்லாமல் இருப்பதுதான் முக்கியம் என்றும் சொன்னது. அப்படியானால் ஊர்வாரிப் பங்கைக் கிளறுவது வீண்வேலை அல்லவா? அந்த ஆய்வின் முடிவு என் வாதத்துக்கு எதிரானதல்ல. நுழைவு எளிதா என்பதும் கடனாளி நகர முடியுமா என்பதும் ஒரே கேள்வியின் இரு முனைகள். திண்டிவனத்தில் தனியார் வங்கிகள் புதிதாகக் கிளை திறக்கலாம், திறந்தும் இருக்கின்றன. அவற்றின் வரவால் வைப்பாளருக்கும் வாகனக் கடன் வாங்குபவருக்கும் லாபம். குத்தகை நிலத்தில் வாய்ப்பேச்சில் பயிர் வைப்பவருக்கு அந்தக் கதவு திறந்ததாகக் கணக்கில்கூட வராது.

இன்னொரு மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. அரசு கட்டளையிட்டதால்தான் வங்கி கிராமத்துக்கே வந்தது. வங்கியுள்ள ஊரில் ஒரு கிளை வேண்டுமானால் வங்கியில்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும் என்று 1977 முதல் 1990 வரை இருந்த விதி கிராமப்புற வறுமையைக் குறைத்தது என்று ராபின் பர்ஜஸ், ரோகிணி பாண்டே ஆய்வு 2005இல் காட்டியது. போட்டியை மட்டும் துரத்தியிருந்தால் மேல்மலையனூருக்கும் மரக்காணத்துக்கும் எவர் வந்திருப்பார்? இதை முழுதாக ஏற்கிறேன். வங்கி ஊருக்கு எட்டுவதும் வங்கிகளுக்குள் போட்டி இருப்பதும் வெவ்வேறு நன்மைகள். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்தோம் என்றால் எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்று தெரிந்திருப்பது நல்லது. அளக்காமல் விட்டால் அந்த விட்டுக்கொடுப்பு நிரந்தரமாகிவிடும். கைப்பேசி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்ற வாதம் இவற்றைவிட மெலிந்தது. பணம் அனுப்புவதை அது மாற்றியது. நகையும் அடங்கலும் இன்னும் நேரில்தான் போகின்றன.

வங்கிக்கு வெளியே இருக்கும் கடன்காரர்களைச் சேர்த்தால் போட்டி தானே பெருகும் என்று சிலர் சொல்வார்கள். மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று மாதக் கணக்கில் பேசப்படும் கடனுக்கு ஆண்டு வட்டி 36, 60 சதவீதம். அதைக் கொடுப்பவர் ஊருக்கு ஊர் இருக்கிறார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து இசபெல் கெராங், வெங்கடசுப்ரமணியன் முதலானோர் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வுகள், ஒரு குடும்பம் ஒரே நேரத்தில் பல இடங்களில் கடன் வைத்திருப்பதைக் காட்டின. ஆனால் யாரிடம் கேட்க முடியும், என்ன நிபந்தனைக்குக் கிடைக்கும் என்பதைச் சாதியும் பாலினமும் தீர்மானிப்பதையும் அவை காட்டின. பலரிடம் கடன் இருப்பது வேறு, பலருக்குள் தேர்ந்தெடுப்பது வேறு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து இருவேல்பட்டை 1916இல் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் தென்னிந்தியக் கிராம ஆய்வில் சேர்த்தார். அதன்பின் அவ்வூர் பலமுறை மறுஆய்வு செய்யப்பட்டது. ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரின் 2008 கள ஆய்வு, ஒரு பெரும் நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி அங்கே எப்படித் தளர்ந்தது என்று விவரிக்கிறது. வெளியூரில் கிடைத்த கூலி வேலைக்கு அதில் பெரும் பங்குண்டு. கடனாளியின் பேரம் பேசும் வலிமை வங்கிக்கு வெளியே, வேலைச் சந்தையிலும் உருவாகிறது என்பதற்கு விழுப்புரம் மாவட்டமே சான்று.

அப்படியானால் எதை அளப்பது? ஒரு தாலுகாவில் ஒவ்வொரு கடன் வகைக்கும் எத்தனை தனித்தனி உடைமையாளர்கள் கடன் தருகிறார்கள். ஓராண்டில் எத்தனை கடன் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. வந்த விண்ணப்பங்களில் எத்தனை திருப்பி அனுப்பப்பட்டன, திருப்பப்பட்டவர் அடுத்து எங்கே போனார். முதல் கேள்விக்கான விவரம் மாவட்ட அளவிலான ஆலோசனைக் குழுவின் மேசைக்கு ஏற்கெனவே வங்கிவாரியாக வருகிறது. இரண்டாவது, கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் இருக்கிறது. மூன்றாவதற்குத்தான் களத்தில் இறங்க வேண்டும். வாடிக்கையாளர் இரகசியம் என்ற ஆட்சேபம் எழும். கிளையின் மொத்தத் தொகையில் எந்தத் தனிநபரும் வெளிப்படுவதில்லை. ரிசர்வ் வங்கியின் ஆய்வறிக்கைகளையே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. இணைப்புகளுக்கு 2017இல் கொடுத்த பத்தாண்டு விலக்கு 2027 ஆகஸ்டில் முடிகிறது. பொதுத்துறை வங்கிகளை இன்னும் சுருக்குவது பற்றிய பேச்சும் அவ்வப்போது எழுகிறது. விலக்கு நீட்டிக்கப்படாமல், அடுத்த இணைப்பு போட்டி ஆணையத்தின் முன் வந்தால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அதன் விளைவைக் கணக்கிடத் தேவையான கிளைவாரிப் புள்ளிவிவரம் ஆணையத்தின் கையில் இருக்க வேண்டும். இன்றைய வெளியீடுகளை வைத்து அந்தக் கணக்கின் முதல் வரியைக்கூட எழுத முடியாது.